நான் அச்சடித்த கிரகம்

என் மகளே,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. "அம்மா, அந்தக் கிரகம் இல்லம்மா" என்றாய். நான் "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டேன். வேறென்ன கேட்க? நீ விக்கி விக்கிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சொன்னாயே, அதில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. தம்பி கல்யாணத்துக்கு நீ வரவில்லையாம். ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாதாம். நாத்தனார் முடிச்சை வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. சரி, போனில் என்னிடமிருந்து தப்பிக்கலாம், கடிதத்தில் முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். நம் கடையில் ஃப்ளெக்ஸ் டிசைன் போடுகிற கம்ப்யூட்டரிலேயே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் ஜெபா இருக்கிறாள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து டிசைன் போடுகிறவள், இன்றைக்கு வேலையை விட்டுவிட்டுத் தலையை நீட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டும். இதில் கோவில்பட்டிக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் நீ வந்திருந்தாய். மொட்டை மாடியில் காய்ந்த மிளகாய் வத்தலை நாம் மூன்று பேருமாக அள்ளிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து இரண்டொரு நட்சத்திரம் எட்டிப் பார்த்த நேரம். நீ வானத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, "அங்கன இருக்கும்மா, நான் பாக்குற நட்சத்திரம். கண்ணுக்குத் தெரியாது. நம்ம சூரியனைவிடச் சின்னது, செவப்பா இருக்கும். ஆனா பக்கத்து வீடு மாதிரி" என்றாய். "பக்கத்து வீடுன்னா எம்புட்டு தூரம்?" என்று அப்பா கேட்டார். அங்கிருந்து கிளம்புகிற வெளிச்சம் இங்கே வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும் என்றாய். "நல்ல பக்கத்து வீடுட்டி, ஒரு கரண்டி சீனி கடன் வாங்கக்கூட ஏலாது" என்று அவர் சிரித்தார். அந்த நட்சத்திரத்தைச் சுற்றி நம் பூமி மாதிரி ஒன்று இருக்குமோ என்றுதான் பார்க்கிறேன் என்றாய். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் அசைகிறது, எதுவோ சுற்றி வந்து இழுத்தால்தான் அப்படி அசையும் என்றாய். கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் மாடு மேயும், நமக்குக் கயிறு மட்டும்தான் தெரியும், கயிறு அசைந்தால் மாடு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதானே என்றேன். "ஆமாம்மா, அதேதான்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். வத்தல் அள்ளிய கையோடு கிள்ளிவிட்டு, நான் எரிச்சலில் துள்ளியதைப் பார்த்துச் சிரித்தாயே, மூதி.

ஆவணியில் போன் பண்ணி, கணக்கெல்லாம் சேர்ந்து வருகிறது, கிரகம் ஒன்று இருக்கலாம் என்று எழுதியிருக்கிறோம், பத்திரிகையிலும் வரப்போகிறது என்றாய். "ஆனா இன்னும் ஒரு தடவை அளக்கணும். யார்ட்டயும் பெருசா சொல்லிராதம்மா" என்றும் சொன்னாய். சொன்னாய், நான் மறுக்கவில்லை. ஆனால் உன்னைப் பெற்றவள் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஊரில் எவன் பிள்ளைக்குக் காது குத்தினாலும் பத்தடிக்கு அடித்துக் கொடுக்கிறவள், தன் பிள்ளை ஒரு பூமியைக் கண்டுபிடித்திருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? "இருக்கலாம்" என்ற உன் வார்த்தை மட்டும் அதில் ஏறவில்லை. கல்யாணம் நடக்கலாம் என்று யாராவது ஃப்ளெக்ஸ் அடிப்பார்களா? ஜெபா நீலத்தில் ஒரு பெரிய உருண்டை போட்டு, அதில் வெள்ளை மேகம், பச்சை மலை, ஓர் ஆறு எல்லாம் வைத்தாள். ஓரம் காலியாக இருக்கிறதே என்று இரண்டு தென்னை மரமும் வைத்தாள். நடுவில் நீ பட்டம் வாங்கிய படம். கீழே வரிசையாக உன் மாமன்மார், சித்தப்பாமார், கூலிங் கிளாஸோடு. "புதிய பூமி கண்ட எங்கள் தங்கமே" என்று கொட்டை எழுத்து. போட்டோ அனுப்பினேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அம்மா, அதை யாரும் பாத்ததே இல்லம்மா. அங்க தண்ணி இருக்கான்னே தெரியாது, நீ தென்னந்தோப்பு வச்சிருக்க" என்றாய். படம் இல்லாமல் ஃப்ளெக்ஸ் அடித்தால் யார் பார்ப்பார்கள் என்று நான் உன்னிடமே சண்டைக்கு வந்தேன்.

கடை வாசலில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பாதையைப் பார்த்தாற்போலக் கட்டினோம். எட்டயபுரம் பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே ஆள் இருக்கிறார்களா, தங்கம் கிடைக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "அங்கன மழை உண்டா எக்கா?" என்றுதான் கேட்டார்கள். கரிசல்காட்டுக்காரர்களுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? நானும் ஏதோ நேரில் நனைந்துவிட்டு வந்தவள் மாதிரி, "பெய்யுமாம், பெய்யுமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்றை உனக்கு ஞாபகப்படுத்தப் போகிறேன். நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம், பசுவந்தனைப் பக்கத்தில் ஒரு பெரியவர் உடம்புக்கு முடியாமல் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குத் தம்பி மகன்கள் ஒரு கட்சி, அக்கா மகன்கள் ஒரு கட்சி. கோயில் கொடைத் திருவிழாவில் மாலை போடுவதிலிருந்து எல்லாவற்றிலும் போட்டி. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. அதை வைத்து இவர்களே முடிவு கட்டிவிட்டு, அடுத்த கட்சிக்கு முன்னால் தங்கள் ஃப்ளெக்ஸ்தான் நிற்க வேண்டும் என்று தம்பி மகன்கள் நம் கடைக்கு ஓடி வந்தார்கள். அழுகிற ஆட்களிடம் உறுதியாகத் தெரியுமா என்று கேட்க முடியுமா? கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தேன். அப்பா போய் அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டும் வந்துவிட்டார். மறுநாள் பார்த்தால், பெரியவர் கண் விழித்து இட்லி கேட்டிருக்கிறார்.

தம்பி மகன்கள் முகம் செத்துப்போய்க் கடைக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, இருட்டினப்பொறவு சத்தமில்லாம அவுத்துருங்க. யாரும் கேட்டா காத்துல பறந்துட்டுன்னு சொல்லிக்கிடுதோம்" என்றார்கள். அப்பா, "பகல்ல கட்டினோம்லா. பகல்லயே அவுப்போம்" என்று ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உனக்குப் பள்ளிக்கூடம் லீவு, நீயும் கூடப் போனாய். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்க, நீ கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, அப்பா மேலே நின்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாராம்: "பெரியவர் நல்லா இருக்காவ. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்." திரும்பி வந்து நீதான் எனக்குச் சொன்னாய். வழியில், "அப்பா, வெக்கமா இல்லியா?" என்று நீ கேட்டிருக்கிறாய். "வெக்கமாத்தான் இருந்துச்சு தாயி. ஆனா ஏணியில நிக்கும்போது காலைத்தான் பாக்கணும்" என்றாராம். அந்தப் பெரியவர் வீடு திரும்பியதும் ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கி, "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்று பார்த்துவிட்டு, திருப்பிப் போட்டு உளுந்து காயவைத்துக்கொண்டார். வருஷங்கள் கழித்து நிஜமாகவே அவர் காலமானபோது அதே தம்பி மகன்கள் வந்து, "பழைய டிசைனே போதும் எக்கா" என்றார்கள். இந்தத் தடவை நான் கேட்டுவிட்டேன், உறுதியாகத் தெரியுமா என்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. அந்த நட்சத்திரத்தின் மேலேயே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் இருக்கின்றன. நட்சத்திரம் தன்னைத் தானே சுற்றும்போது அந்தப் புள்ளிகள் வருவதும் மறைவதும், இங்கிருந்து பார்த்தால் ஏதோ கிரகம் இழுப்பது மாதிரியே காட்டியிருக்கிறது. கிரகமாக இருந்தால் எத்தனை காலம் கழித்துப் பார்த்தாலும் அந்த அசைவு அப்படியே இருக்க வேண்டும். மறுபடி அளந்தபோது அது மங்கிப்போய்விட்டது. அதாவது கயிற்றை அசைத்தது மாடு இல்லை, காற்று. இதை எவனோ எதிராளி கண்டுபிடித்து உன்னை மடக்கவில்லை. நீயே திரும்ப அளந்தாய், நீயே பார்த்தாய். கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்றதற்கும் கேட்காமல், கிரகம் இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். அங்கே உலகத்துக்கு முன்னால் பகலில் ஏணி போட்டு ஏறி அவிழ்த்தவள், இங்கே ஊருக்கு மட்டும் இருட்டினபின் வரலாமா என்று பார்க்கிறாய். அதுகூட இல்லை, வரவே மாட்டேன் என்கிறாய்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஞாயிறு சாயங்காலம் உன் அப்பாவிடம், "இருட்டினப்பொறவு வாசல்ல உள்ளதை எடுத்துருவோமா?" என்று கேட்டது நான்தான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். நான் பிடித்துக்கொண்டேன். எதிரே டீக்கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரம். டீக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சத்தம் கொடுத்தார்.

"என்ன எக்கா, வெயில்ல சாயம் போயிட்டோ? புதுசு மாத்துதீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. அந்தக் கிரகம் இல்லியாம்."

"இல்லியா! யாரு சொன்னா?"

"எம்மவதான்."

"கண்டுபுடிச்ச புள்ளையேவா?"

"அவளேதான். இன்னொருக்க அளந்து பாத்திருக்கா. இல்லைன்னு தெரிஞ்சதும் எழுதிக் குடுத்துட்டா."

எல்லாரும் தங்கமாக நடந்துகொண்டார்கள் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். உரக்கடைக்காரர், "அப்ப நாம அங்கன மழையை விசாரிச்சதெல்லாம் வீணா!" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஏணி ஆடி அப்பா மேலிருந்து ஏசினார். ஆனால் நம் சொந்தத்திலேயே ஒருத்தர், ஃப்ளெக்ஸில் கூலிங் கிளாஸோடு நின்றவர்களில் ஒருத்தர், யார் என்று எழுத மாட்டேன், "அளவு தெரியாம ஆடினா இப்படித்தான்" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஆடினது நான். எம்மவ யார்ட்டயும் சொல்லாதன்னுதான் சொன்னா. ஏசணும்னா என்னைய ஏசுங்க, இங்கனதான் நிக்கேன். உங்க போட்டோவும் இதுல இருக்கு, வெட்டித் தரட்டா?" என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். டீக்கடை அண்ணாச்சிதான், "விடுங்க எக்கா. அந்த நட்சத்திரம் இல்லைன்னா வேற நட்சத்திரம். புள்ள எப்ப வருது கல்யாணத்துக்கு?" என்று கேட்டார். கிரகம் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்குக் குழறவில்லை. பிள்ளை எப்போது வருகிறாள் என்று கேட்டதும்தான் ஃப்ளெக்ஸைச் சுருட்டுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும், மகளே. நீ எதைக் கண்டு பயப்படுகிறாயோ அது நடந்து முடிந்துவிட்டது. கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டார்கள். இந்த ஊரில் மேகம் திரண்டு, இருட்டி, இடி இடித்து, ஒரு சொட்டு விழாமல் கலைந்துபோகும். "வருது வருதுன்னியே" என்று, சொன்னவனைக் கிண்டல் செய்வார்கள். அடுத்த மேகம் கூடும்போது அவனையே கூப்பிட்டு, "என்ன, இது எப்படி?" என்றும் கேட்பார்கள். மேலே பார்க்கிறவன் அவன்தானே. நம் சனங்களுக்கு ஏமாற்றம் புதிதில்லை. மழை வந்தது என்று பொய் சொல்கிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது. நீ அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அதில் எனக்கு இருக்கிற பெருமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நீல உருண்டையைக் கட்டிய அன்றைக்கு இருந்த பெருமையைவிட இது அதிகம். இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்று உனக்கே தெரியும்.

இனி அந்த வேலையே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் இங்கே வந்து, நாலு நாள் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு முடிவு செய். அழுதுகொண்டு எடுக்கிற முடிவு வேண்டாம். ஆனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அத்தனை அழுகையிலும் நீ என்னைத் திருத்தினாய். "அப்ப அங்கன ஒன்னுமே இல்லியாட்டி?" என்று நான் கேட்டதற்கு, "ஒன்னுமே இல்லைன்னு நான் சொல்லலம்மா. நான் பாத்தது கிரகம் இல்ல, அவ்வளவுதான். வேற இருந்தாலும் இருக்கும்" என்றாய். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்படிச் சொல்கிறவள் அந்த வேலையை விடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று உன் தம்பிக்குப் பார்த்திருக்கிற டீச்சர் பெண், அவள் அப்பாவோடு எட்டயபுரத்திலிருந்து கடைக்கு வந்தாள், கல்யாண ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ கொடுக்க. வாசலில் காலியாக நின்ற சட்டத்தைப் பார்த்தாள். நானே விஷயத்தைச் சொன்னேன். முந்தின நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தம்பி சொல்லியிருக்கிறான். "எங்க கிளாஸ்ல புள்ளைகள்ட்ட சொன்னேன் அத்தை. கிரகம் இல்லைன்னு கண்டுபுடிச்சது எங்க மதினின்னு. ஒருத்தி எந்திரிச்சு, அப்ப இருக்குன்னு சொன்னது யாரு டீச்சர்னு கேட்டா. அதுவும் எங்க மதினிதான்னேன்" என்று சிரித்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "மதினி வரலைன்னு இவிய சொன்னாவ. நெசமாவா? முத முடிச்சு இவிய போடட்டும். மத்த ரெண்டும் மதினிதான் போடணும். வேற யாரும் போட்டா நான் தலையைக் குனிய மாட்டேன்" என்றாள். "இவிய" என்றது உன் தம்பியைத்தான். வீடியோவில் மட்டுமே பார்த்த உனக்காக அவள் இப்படிப் பேசுகிறாள். கூடப் பிறந்தவனுக்காக நீ என்ன பேசுகிறாய் என்று யோசித்துப் பார். அவன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு உனக்கென்று எடுத்த புடவையை மட்டும் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறான்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். பதறாதே, இன்னும் அடிக்கவில்லை. மண்டப வாசலில் மணமக்கள் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று தயார் செய்யச் சொன்னேன். இந்தத் தடவை நீ சொன்ன மாதிரியே. நீலம் இல்லை, மேகம் இல்லை, தென்னை மரம் இல்லை, கூலிங் கிளாஸ் மாமன்மாரும் இல்லை. முழுக்கக் கறுப்பு. நடுவில் பொட்டு மாதிரி சிவப்பாக ஒரு புள்ளி, உன் நட்சத்திரம். கீழே சின்ன எழுத்தில் உன் பெயர், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் எங்கள் மகள்" என்று ஒரு வரி. ஜெபா கையைப் பிசைந்தாள். "எக்கா, இம்புட்டுக் கறுப்பா அடிச்சா சாவு விழுந்த துட்டி வீடுன்னு நினைச்சு, கல்யாணத்துக்கு வாரவிய திரும்பிப் போயிருவாவ" என்றாள். "கறுப்புன்னா துட்டியா? நம்ம மண்ணு என்ன கலருட்டி?" என்று கேட்டேன். கறுப்பு மை டப்பா முழுதாகக் காலியாகும். ஆகட்டும். பழைய ஃப்ளெக்ஸை அவள் வீட்டில் மக்காச்சோளம் காயப்போடக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். உன் முகம் அடியில் போகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறாள், வெயில் படாமல் பத்திரமாக இருக்கும்.

புரூஃப் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். புள்ளி எந்த இடத்தில் இருக்க வேண்டும், சிவப்பு இவ்வளவு போதுமா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். போன தடவை உன்னைக் கேட்காமல் அடித்தேன். இந்தத் தடவை நீ சரி என்று சொல்லாமல் மெஷினை ஓட்ட மாட்டேன். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் போன தடவை மாதிரி தூங்கி மணியாச்சி வரைக்கும் போய்விடாதே, கோவில்பட்டி வருவதற்கு முன்னாலேயே அப்பா போன் அடித்து எழுப்புவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் இதைக் கட்டுவதாக இருக்கிறார். அவருக்கு இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, ஆளை வைத்துக் கட்டலாம் என்றால் சம்மதிக்கவில்லை. நான் ஏணியைப் பிடிக்கிறேன் என்றேன். "நீ சிரிச்சு ஆட்டிருவ. அவ வந்து பிடிக்கட்டும், அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா